ஃபைபர் வள்ளத்தின் இற்றுப்போன பின்பலகையை மாற்றுதல்

பழைய ஃபைபர் வள்ளம் ஒன்றை வாங்க வருபவர் அணியத்தை (முன்பகுதியை) தட்டிப் பார்ப்பார், அடிப்பகுதியில் கீறல் உண்டா என்று குனிந்து பார்ப்பார், மோட்டாரை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்பார். அந்த மோட்டாரைத் தாங்கி நிற்கும் பின்பலகையை மட்டும் பெரும்பாலும் பார்க்காமல் விட்டுவிடுவார். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கும் அந்தப் பலகைக்குள் கை வைத்தால் பிய்ந்து வரும் அளவுக்கு மரம் இற்றுப்போயிருக்கலாம். சின்னமுட்டம் முதல் நீரோடி வரை நம் குமரி மாவட்டக் கரையில் ஓடும் 15, 20 ஆண்டுப் பழைய வள்ளங்களில் இது அரிதான குறை அல்ல. பொறுமையும், ஒரு வாரத்துக்குக் குறையாத வறண்ட நாள்களும், ஓரளவு தச்சு வேலைப் பழக்கமும் இருந்தால் இதை நீங்களே சரிசெய்துவிட முடியும். முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவரை மனத்தில் வைத்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பின்பலகையின் அமைப்பை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வெளிப்புறம் ஒரு ஃபைபர் தோல், உட்புறம் ஒரு ஃபைபர் தோல், இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை அங்குலம் அளவுக்குப் பிளைவுட் என்பதே பெரும்பாலான வள்ளங்களில் உள்ள அமைப்பு. இந்த மூன்றும் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருக்கும் வரைதான் பலகைக்கு வலிமை உண்டு. மோட்டாரின் எடை மட்டும் இந்தப் பலகையில் விழுவதில்லை. முன்னோக்கித் தள்ளும் விசையும், அலையில் வள்ளம் எழுந்து விழும்போது ஏற்படும் அதிர்ச்சியும் அதே நான்கு போல்ட்டுகளின் வழியாக அதற்குள் இறங்குகின்றன. நடுவிலுள்ள மரம் மக்கிவிட்டால் இரண்டு தோல்களும் தனித்தனியாக வளையத் தொடங்கும்; பிறகு பக்கச் சுவர்களைச் சந்திக்கும் மூலைகளில் கீறல் விழும்; கடைசியில் ஒருநாள் மோட்டார் பலகையோடு பிய்த்துக்கொண்டு போகும்.

மரம் இற்றுப்போகக் கடல்நீரே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை ஏறக்குறைய நேர்மாறானது. மரத்தை மக்கச் செய்வது ஒருவகைக் காளான். உப்பு அதன் வளர்ச்சியைத் தடுக்கும், நல்ல தண்ணீரோ அதை வளர்க்கும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தில் அந்தக் காளான் வளர்வதில்லை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டுமே உண்டு. கரையில் ஏற்றி வைத்த வள்ளத்துக்குள் ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் மாறிமாறித் தேங்குகின்றன. அந்தத் தண்ணீர் மோட்டார் போல்ட்டின் துளை வழியாகவோ, வடிகால் துளையின் ஓரம் வழியாகவோ, எதற்காகவோ அடித்துப் பிறகு கழற்றிய ஒரு திருகாணியின் ஓட்டை வழியாகவோ பிளைவுட்டுக்குள் இறங்குகிறது. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை, ஏனெனில் இருபுறமும் ஃபைபர் தோல் மூடியிருக்கிறது. ஆகவே பலகையை மாற்றும் வேலையில் பாதிதான் மரவேலை; மீதிப் பாதி, வெட்டுப்பட்ட மரம் எங்கும் திறந்து கிடக்காமல் பார்த்துக்கொள்வது. இதை மறந்தவர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் அதே வேலையை மறுபடியும் செய்கிறார்கள்.

சோதித்துப் பார்ப்பது

கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மோட்டாரைப் பாதி தூக்கிய நிலையில் நிறுத்தி, அதன் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இன்னொருவரைப் பலகையின் மேல்விளிம்பைக் கவனிக்கச் சொல்லுங்கள். விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தாலோ, மூலைகளில் மயிரிழைக் கீறல் திறந்து மூடினாலோ உள்ளே மரம் போய்விட்டது என்று கொள்ளலாம். பிறகு சிறிய சுத்தியலின் பிடியால் பலகை முழுவதும் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கெட்டியாக ஒலிக்கும், கெட்ட இடம் பழுத்த பலாப்பழத்தைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். மோட்டாரைக் கழற்றும்போது போல்ட் துளையிலிருந்து பழுப்புநிறத் தண்ணீர் கசிந்தால் அதற்குமேல் சான்று தேவையில்லை.

ஆனாலும் சந்தேகமறத் தெரிந்துகொள்ள ஒரே வழி துளையிட்டுப் பார்ப்பதுதான். உட்புறத்திலிருந்து இரண்டு நூல், அதாவது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் பிட்டால், ஓர் அங்குல ஆழத்துக்கு, வெளித்தோலைத் தொடாமல் துளையிடுங்கள். வடிகால் துளையைச் சுற்றி இரண்டு, கீழ்மூலைகளில் ஒவ்வொன்று, மோட்டார் போல்ட்டுகளுக்கு அருகில் இரண்டு, மேல்விளிம்புக்குக் கீழே ஒன்று எனப் பரவலாக இட வேண்டும். பிட்டோடு வெளிவரும் தூள் உலர்ந்து, வெளிறி, மரவாசனையோடு இருந்தால் அந்த இடம் நலமாக உள்ளது. வடிகட்டிய தேயிலைச் சக்கைபோல் கறுத்து, ஈரமாக, புளித்த நாற்றத்தோடு வந்தால் அங்கே மரம் இல்லை என்றே பொருள். பலகை நலமாக இருக்கிறது என்று தெரிந்தால் அதே நாளில் அந்தத் துளைகளை எப்பாக்ஸி (கலந்தால் கல்போல் இறுகும் ஒருவகை ரெசின், அதாவது பிசின்) கொண்டு அடைத்துவிடுங்கள்; சோதனைக்காக இட்ட ஓட்டையே அடுத்த நோய்க்கு வாசலாகிவிடக் கூடாது.

ஓரிடத்தில் மட்டும் கையகலம் கெட்டிருந்தால் அதை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாமா என்ற கேள்வி எழும். வடிகால் துளையைச் சுற்றி மட்டும் கெட்டிருந்து, மற்ற எல்லாத் துளைகளிலும் உலர்ந்த தூள் வந்திருந்தால் அப்படிச் செய்யலாம். மோட்டார் தொங்கும் நடுப்பகுதி கெட்டிருந்தால் முழுப் பலகையையும் மாற்றுவதே சரி. நான் முதன்முறை செய்தபோது மேலோட்டமாகச் சுரண்டி, மீதியிருந்த ஈரமரத்தின்மேல் பட்டி வைத்து மூடி, இரண்டு அடுக்கு மேட் (ஃபைபர் இழைகளைப் பரப்பிப் பசையால் பிணைத்த விரிப்பு) ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த ஆடிக்குள் அது கொப்புளம்போல் உப்பிக்கொண்டு வந்துவிட்டது. ஈரமரத்தில் ரெசின் ஒட்டாது என்பதை நான் கற்ற விதம் அது.

காலமும் இடமும்

தை பிறந்தது முதல் பங்குனி முடியும்வரை நம் பகுதியில் மழை குறைவு. இந்த வேலைக்கு ஏற்ற காலம் அதுவே. சித்திரை, வைகாசியில் கோடை மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கடற்கரை மணலில் வைத்துச் செய்ய வேண்டாம். காற்றில் பறக்கும் மணல் ஈர ரெசினில் வந்து அப்பிக்கொள்ளும், காலைப்பனியும் படியும். வள்ளத்தைத் தென்னந்தோப்புக்குள் கொண்டுபோய் மேலே தார்ப்பாய் கட்டிக்கொள்வதுதான் பெரும்பாலானவர்களுக்குக் கைகூடும் வழி. மேலே தேங்காய் முற்றி நிற்கும் மரமாகப் பார்த்து நிறுத்தாதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ரெசின் வேலையைக் காலை 9 மணிக்குப் பிறகு தொடங்கி மாலைப் பனி இறங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பாகவே முடித்துவிட வேண்டும். இறுகாத ரெசினின்மேல் ஈரம் படிந்தால் மேற்பரப்பு வெளுத்து, பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

பொருள்கள்

பிளைவுட்டில் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டையே கேட்டு வாங்குங்கள். வீட்டு அலமாரிகளுக்கு வரும் ஐஎஸ் 303 வகை வேறு. கடைக்காரர் ‘இதுவும் தண்ணீருக்குத் தாங்கும்’ என்று சொன்னாலும் ஏற்க வேண்டாம். வாங்கும்முன் பலகையின் ஓரங்களைப் பார்த்து, நடு அடுக்குகளில் இடைவெளியோ பொத்தலோ இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நம் ஊரில் பழைய மரவள்ளங்களுக்கு அயனி மரம் பேர்போனது; அதே நல்ல மரத்தைப் பலகையாக அறுத்து உள்ளே வைத்தால் என்ன என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. திறந்த மரவேலைக்கு அயனி சிறந்ததுதான். ஆனால் கட்டிமரம் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். ஃபைபருக்குள் அடைபட்ட நிலையில் அந்த அசைவு ஒட்டைப் பிரித்துவிடும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பிளைவுட்டில் அந்த அசைவு மிகக் குறைவு. தேக்கிலோ எண்ணெய்த்தன்மை இருப்பதால் ரெசின் சரியாகப் பிடிக்காது. 1980களில் முட்டம் பக்கத்தில் பிளைவுட் வள்ளங்கள் கட்டப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு, நன்றாக மூடிய பிளைவுட் எத்தனை ஆண்டு கடலைத் தாங்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ரெசினில் இரண்டு வழிகள் உண்டு. எப்பாக்ஸி மரத்தை நன்றாகப் பிடிக்கும். விலை கூடுதல், கலவை அளவு துளியும் பிசகக் கூடாது. பாலியஸ்டர் ரெசின் மலிவு, வள்ளம் கட்டப்பட்டதும் பெரும்பாலும் அதனால்தான். பாலியஸ்டர் என்று முடிவு செய்தால் சாதாரண ரெசினை விட நீரைக் கூடுதலாகத் தாங்கும் ஐசோ ரெசினை வாங்குங்கள். ஒட்டும் வேலைக்கும் தோல் போடும் வேலைக்கும் இரண்டையும் கலந்து பயன்படுத்துவதாக இருந்தால் ஒரு விதியை நினைவில் வையுங்கள்: பாலியஸ்டரின்மேல் எப்பாக்ஸி ஒட்டும், எப்பாக்ஸியின்மேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது. சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியஸ்டர் ரெசினில் கரைவதற்காகச் செய்யப்பட்டது. எப்பாக்ஸியில் அது கரையாததால் மேட் சரியாக ஊறாது. இனி வரும் படிகளைப் பாலியஸ்டரை வைத்தே சொல்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையை நிதானமாகப் படிக்க வேண்டும். நம் கடைகளில் ரெசினோடு இரண்டு சிறு புட்டிகள் தருவார்கள்: ஒன்று ரெசின் இறுகுவதை விரைவாக்கும் ஊதாநிறக் கோபால்ட் ஆக்சிலரேட்டர், மற்றது ரெசினை இறுகச் செய்யும் நிறமற்ற கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் ஊற்றி முழுமையாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். அளப்பதற்கு வெவ்வேறு மூடிகளையும், கலக்குவதற்கு வெவ்வேறு குச்சிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். சில ரெசின்களில் ஆக்சிலரேட்டர் முன்பே சேர்க்கப்பட்டிருக்கும் என்பதால் கடையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். கண்ணாடிக் கவசம் இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேட்டலிஸ்ட்டின் அளவு பொதுவாக ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். நம் வெப்பத்துக்குக் கீழளவே போதும், ஆனால் அவகாசம் வேண்டுமென்று 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ரெசின் முழுமையாக இறுகாமலே போகலாம். அவகாசம் வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு அரைக் கிலோ மட்டும் கலந்துகொள்ளுங்கள். மிஞ்சிய கலவை குவளைக்குள் தானாகவே சூடேறிப் புகையும். அதை உலர்ந்த ஓலையின்மேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் திரும்பி வரும்போது தோப்பு எரிந்துகொண்டிருக்கலாம். வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட் கூடாது. துடைக்கப் பயன்படும் அசிட்டோன் ரெசினைவிடவும் எளிதில் தீப்பிடிக்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பலகை 4 அடி அகலம், 2 அடி உயரம் என்றால், பக்கச் சுவர்களின்மேல் ஏறும் பகுதியையும் சேர்த்து ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் ஃபைபர் தேவை. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் நான்கு அடுக்கும், 600 கிராம் எடையுள்ள ரோவிங் (பாய்போல் நெய்த ஃபைபர் துணி) மூன்று அடுக்கும் வைத்தால் இரண்டும் தனித்தனியே 1.8 கிலோ வரும். மேட் தன் எடையைப்போல் இரண்டரை மடங்கு ரெசினையும், ரோவிங் தன் எடைக்குச் சமமான ரெசினையும் குடிக்கும். ஆக உள்தோலுக்கு மட்டும் 6 கிலோவுக்குச் சற்று மேல். மரத்தை ஒட்டவும், பூசவும், பட்டி கலக்கவும் ஏறக்குறைய இன்னும் அவ்வளவு ஆகும். 15 கிலோ வாங்கினால் நடுவில் கடைக்கு ஓட வேண்டியிராது. கனத்தையும் இப்போதே கணக்கிட்டுவிடுங்கள்: வெளித்தோல் 5, இரண்டு 18 மில்லிமீட்டர் பிளைவுட் சேர்ந்து 36, ஒட்டு 2 அல்லது 3, புதிய உள்தோல் 6 என மொத்தம் 50 மில்லிமீட்டர் ஆகிறது. உங்கள் மோட்டாரின் பிடி அவ்வளவு விரியுமா என்பதைப் பிளைவுட் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்.

வெட்டுவதற்கு முன்

மோட்டார், எரிபொருள் கலன், பேட்டரி, வயர்கள் அனைத்தையும் கழற்றி அப்புறப்படுத்துங்கள். வள்ளத்தைச் சமதளத்தில் நிறுத்தி, அடிப்பகுதிக்குப் பல இடங்களில், குறிப்பாக அமரத்தின் (பின்பகுதியின்) அடியில், கட்டைகளும் மணல் மூட்டைகளும் கொடுத்துத் தாங்க வேண்டும். பலகை போன பிறகு பின்பகுதி வெறும் தொட்டிபோல் விரிந்தும் சுருங்கியும் போகும். அந்த நிலையில் புதுப் பலகையை ஒட்டிவிட்டால் வள்ளம் அந்தக் கோணலோடேயே நிலைத்துவிடும். எனவே இரு பக்கச் சுவர்களுக்கும் குறுக்கே ஒரு சட்டத்தை இறுக்கிக் கட்டிய பிறகே வெட்டத் தொடங்குங்கள். பலகையின் மேல்விளிம்பிலிருந்து அடிவரை உள்ள உயரம், அது பின்னோக்கிச் சாயும் கோணம், கனம், போல்ட் துளைகளின் இடம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். குட்டைக்கால் மோட்டாருக்கு 15 அங்குலமும் நெட்டைக்கால் மோட்டாருக்கு 20 அங்குலமும் உயரம் வேண்டும். இதில் ஓர் அங்குலம் பிசகினால் புரொப்பல்லர் காற்றை வாரும் அல்லது வள்ளம் இழுபடும்.

உட்புறத்திலிருந்தா வெளிப்புறத்திலிருந்தா என்று கேட்டால், நம் வள்ளங்களின் பின்பகுதி பெரும்பாலும் திறந்தே இருப்பதால் உட்புறமே எளிது. வள்ளத்தின் வெளி உருவமும் தண்ணீரைத் தொடும் தோலும் அப்படியே இருந்துவிடும்.

பழைய மரத்தை எடுப்பது

ஃபைபர் தூசு தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நல்ல முகக்கவசம் மூன்றும் கட்டாயம். ரெசின் வேலையின்போது ஆவியை வடிகட்டும் உறை பொருத்திய கவசம் வேண்டும், மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு போதாது. அரிப்புக்காகக் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளும் வழக்கம் சிலருக்கு உண்டு. அந்தக் கையால் பலகையைத் தொட்டால் தொட்ட இடத்தில் ரெசின் ஒட்டாது.

உள்தோலில் ஓரங்களிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிக் கோடு போட்டு, கிரைண்டரால் உள்தோலின் கனத்துக்கு மட்டும் வெட்டுங்கள். ஒரு மூலையில் உளியை நுழைத்து நெம்பினால், இற்றுப்போன மரத்திலிருந்து அந்தத் தோல் பெரும்பாலும் ஒரே தகடாகக் கழன்று வரும். அதை எறிய வேண்டாம், புதுப் பலகைக்கு அதுவே முதல் அச்சு. அடுத்து மரத்தைக் கட்டம்கட்டமாக அறுத்து உளியாலும் கொட்டாப்புளியாலும் பெயர்த்தெடுக்க வேண்டும். கெட்ட மரம் கையாலேயே வரும். கெடாத மரம்தான் தொல்லை, வெளித்தோலை விடாமல் பிடித்திருக்கும். அங்கே கடப்பாரையால் நெம்பினால் வெளித்தோல் பிளந்துவிடும். கடைசி ஒரு நூல் கனத்தை நெம்பாமல் கிரைண்டரில் உப்புத்தாள் வட்டைப் பொருத்தித் தேய்த்தே எடுங்கள். ஓரங்களில் விட்ட இரண்டு அங்குல விளிம்புக்குப் பின்னால் ஈரமரம் ஒளிந்திருக்கும், ஒரு துண்டும் விடாமல் தோண்டி எடுக்க வேண்டும். அடிப்பகுதியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகள் பலகையைத் தொடும் இடத்திலும் துளையிட்டுப் பாருங்கள். ஈரம் அங்கேயும் பரவியிருப்பதுண்டு. வெட்டிய தூசையும் சில்லுகளையும் சாக்கில் கட்டி அகற்றிவிடுங்கள், மணலில் விட்டால் வலை காய வைப்பவர்களின் காலில்தான் ஏறும்.

மரம் போன பிறகு வெளித்தோலின் உட்பக்கத்தை 40 எண் உப்புத்தாளால் மங்கிய நிறம் வரும்வரை தேய்க்க வேண்டும். பக்கச் சுவர்களிலும் அடியிலும் எட்டு அங்குல தூரத்துக்குப் பெயின்ட்டை நீக்கித் தேய்த்து, மீதியிருக்கும் விளிம்பைச் சரிவாக்குங்கள். தோலின் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு நீளச் சரிவு இருந்தால் புதுத் தோல் பழைய தோலோடு நன்றாகப் பிணையும்.

பிறகு உலரவிட வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். நிழலில், மின்விசிறி ஓடவிட்டு, நான்கைந்து நாள் காத்திருங்கள். உலர்ந்ததா என்று அறிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு புறமும் டேப்பால் ஒட்டி, வெயில்படும்படி ஒரு பகல் விடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

புதுப் பலகை

கழற்றிய உள்தோலை வைத்து அட்டையில் அச்சு வெட்டி, வள்ளத்துக்குள் வைத்துப் பார்த்துத் திருத்தி, அதன்பின் பிளைவுட்டில் வரையுங்கள். பலகை பக்கச் சுவர்களையும் அடியையும் நேரடியாகத் தொடக் கூடாது. சுற்றிலும் இரண்டு நூல் இடைவெளி விட்டு, அதைப் பின்னர்ப் பட்டியால் நிரப்ப வேண்டும். மரத்தின் விளிம்பு ஃபைபரில் நேராக முட்டினால் அந்தக் கோட்டில் அலை அடிக்கும்போதெல்லாம் அழுத்தம் குவிந்து, வெளியே கீறல் விழும். உட்புற விளிம்புகளை மழுக்கி உருட்டிவிடுங்கள், கூர்மையான மூலையில் மேட் படியாமல் அடியில் காற்று நிற்கும்.

மரவள்ளத்துக்குப் பூசுவதுபோல் கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) எண்ணெயோ மீன் எண்ணெயோ இந்தப் பிளைவுட்டுக்குப் பூசிவிடாதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தக் காரியம் முழு வேலையையும் கெடுத்துவிடும். பூச வேண்டியது ரெசினை மட்டுமே: முதல் பூச்சை மரம் உறிஞ்சிக்கொள்ளும், வெட்டுவிளிம்புகள் இன்னும் கூடுதலாகக் குடிக்கும், அங்கே இரண்டு மூன்று முறை பூசுங்கள். இரண்டு பிளைவுட்டுகளையும் ஒன்றோடொன்று ஒட்ட, நடுவில் ரெசினில் நனைத்த ஒரு மேட்டை வைத்து, சமதளத்தில் மணல் மூட்டைகளை ஏற்றி இறுகவிடுங்கள். கிளாம்ப் போட்டு நசுக்கினால் ரெசின் முழுவதும் பிதுங்கி வெளியேறி, ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. ஓரமெங்கும் சிறிதளவு பிதுங்கினால் போதும்.

வெளித்தோலோடு ஒட்டும் நாளில் உதவிக்கு இருவராவது வேண்டும். முதலில் எல்லாவற்றையும் ரெசின் இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். மரம் இல்லாத வெளித்தோல் தகரம்போல் வளையும் என்பதால், வெளிப்புறத்தில் ஒரு நேரான பலகையைப் பிளாஸ்டிக் தாள் சுற்றி அணைத்து வையுங்கள். தோலை அசிட்டோனால் துடைத்து, நனைத்த மேட் ஒன்றை அதன்மேல் பரப்பி, அதற்குமேல் கெட்டியாக்கிய ரெசினை முழுவதும் தடவுங்கள். கெட்டியாக்க ஏரோசில் என்ற நுண்ணிய சிலிக்காத் தூளும் பொடியாக நறுக்கிய ஃபைபர் இழையும் சேர்க்க வேண்டும். வெறும் டால்க் பவுடர் பட்டி சீக்கிரம் நொறுங்கும், இங்கே வேண்டாம். பலகையை வைத்து, பழைய மோட்டார் துளைகள் வழியாகவே நீளப் போல்ட்டுகளைக் கிரீஸ் தடவிச் செலுத்தி, சுற்றிலும் ரெசின் பிதுங்கும்வரை சீராக இழுத்து இறுக்குங்கள். சாய்வுக்கோணத்தைச் சரிபாருங்கள், ரெசின் இறுகிவிட்டால் திருத்த வழியில்லை.

மறுநாள் சுற்று இடைவெளியைப் பட்டியால் நிரப்பி, மூலைகளை ஒரு கரண்டியின் முதுகால் வளைவாக இழுத்துவிடுங்கள். அது இறுகியதும் மேட், ரோவிங், மேட் என்ற வரிசையில் அடுக்குங்கள். முதல் அடுக்கு பக்கச் சுவரில் நான்கு அங்குலமும், பிந்தையவை ஆறும் எட்டும் ஏற வேண்டும், எல்லாம் ஒரே கோட்டில் முடியக் கூடாது. ஒவ்வோர் அடுக்கையும் ரோலரால் அழுத்திக் காற்றுக்குமிழிகளை வெளியேற்றுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் ரெசின் ஊறாத இடம். ஒரே மூச்சில் மூன்று நான்கு அடுக்குக்கு மேல் வேண்டாம், சூடேறிப் புதுத்தோல் நெளியும். மீதியை 24 மணி நேரத்துக்குள் தொடருங்கள், தாமதமானால் மறுபடி தேய்த்த பிறகே ஒட்ட வேண்டும். மேல்விளிம்பை மறக்காதீர்கள்: உள்தோலின் மேட்டை விளிம்பைத் தாண்டி வெளித்தோலின்மேல் மடித்து ஒட்டினால்தான் பலகை முழுமையாக மூடப்படும். கடைசிப் பூச்சில் மெழுகுக்கரைசல் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப்படும் பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும்.

துளைகள்

இத்தனை நாள் மூடிய மரத்தை நீங்களே மறுபடி திறக்கப் போகிறீர்கள். 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12 மில்லிமீட்டர் துளை இட்டு மாட்டினால் பிளைவுட்டின் அடுக்குகள் துளையின் சுவரில் வெறுமையாக நிற்கும்; பழைய பலகை போனதும் இப்படித்தான். அதற்குப் பதிலாக முதலில் 20 மில்லிமீட்டர் துளை இடுங்கள். வெளிப்புறத்தை டேப்பால் அடைத்து, கெட்டியாக்கிய எப்பாக்ஸியை இரண்டு தவணையாக ஊற்றி நிரப்புங்கள். ஒரேயடியாக ஊற்றினால் சூட்டில் வெடிப்பு விழும். நன்றாக இறுகியதும் அதன் நடுவில் பன்னிரண்டரை மில்லிமீட்டர் துளை இட்டால் போல்ட்டைச் சுற்றி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் எப்பாக்ஸிச் சுவர் இருக்கும், தண்ணீர் மரத்தைத் தொடாது. வடிகால் துளைக்கும், மீன்தேடும் கருவிக்கு அடிக்கும் சிறு திருகாணிக்கும் இதே முறைதான். சிறு திருகாணி என்று விட்டுவிடுவதில்தான் பாதி வள்ளங்கள் கெடுகின்றன.

போல்ட்டுகள் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உட்புறம் அகலமான வாஷரோ பட்டைத் தகடோ வையுங்கள். சிலிக்கான் வேண்டாம், அது உரிந்துவிடும், உரிந்த இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது. பாலியூரித்தேன் சீலன்ட்டைப் போல்ட்டின் கழுத்திலும் துளையின் வாயிலும் தாராளமாகத் தடவுங்கள். முதலில் பாதி இறுக்கத்தில் விட்டு, சீலன்ட் ரப்பர்போல் ஆன பிறகு போல்ட் சுழலாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்பிக் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். போல்ட்டே சுழன்றால் சீலன்ட் அறுந்துவிடும்.

தோல் போட்டு ஒரு வாரமாவது ஆன பிறகே மோட்டாரை ஏற்றுங்கள். பழைய மோட்டாரைவிட எடை கூடிய நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரை ஏற்றும் எண்ணம் இருந்தால், பலகையோடு பக்கச் சுவர்களையும் அடிக்கட்டைகளையும் இணைக்கும் முக்கோணத் தாங்கிகளை உள்தோல் போடும்போதே வைத்திருக்க வேண்டும். முதல் நாள் துறைமுகத்துக்குள்ளேயே பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்து, கரைக்கு வந்ததும் மூலைகளையும் போல்ட் வாய்களையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு நட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசி முடிவதற்குள், மோட்டாரைக் கழற்றிப் பழைய சீலன்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். வள்ளத்தைக் கரையேற்றினால் அணியத்தின் அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து முன்புறத்தை உயர்த்தி, வடிகால் துளையின் தக்கையைக் கழற்றிவிடுங்கள். பெய்யும் மழை உள்ளே தேங்காமல் பின்வழியாக வடிந்துவிடும். கழற்றிய தக்கையை மோட்டார்ச் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்தால், அடுத்த முறை அதை மாட்டாமல் வள்ளத்தை இறக்கிவிட மாட்டீர்கள்.